கரம்பும் காணியும்: செங்கல்பட்டு நாட்டில் ஊருரிமையும் காட்டின் மீளுந்திறனும்

பாலாற்றின் இரு கரைகளிலும் பரந்து கிழக்கே மாமல்லபுரம் கடற்கரையில் முடியும் செங்கல்பட்டு நாடு ஏரிகளின் நாடாகவே அறியப்பட்டிருக்கிறது. அந்த ஏரிகளுக்கு நீர் சேர்த்த பாறைக் குன்றுகளிலும் ஏரிக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலங்களிலும் நின்ற காடு, பாசன வரலாறு பெற்ற அளவுக்கு ஆய்வாளரின் கவனத்தைப் பெறவில்லை. எனினும், ஓர் ஊர் கூட்டாகக் கொண்டிருந்த நிலவுரிமை காட்டின் வாழ்வையும் தேய்வையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதை அறிய விரும்புவோருக்குத் தமிழகத்தில் இதைவிட வளமான களம் அரிது. ஊருரிமையின் இயல்பு குறித்துக் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் நடத்திய நீண்ட விவாதம் பெரும்பாலும் இந்த மண்ணைப் பற்றியதாகவே இருந்தது. அந்த உரிமையின் ஒரு கூறு எழுத்தில் ஏற்கப்பட்டதால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்டுவரும் ஏரித் தோப்பும், ஏற்கப்படாததால் முட்புதராகக் குறுகிய காடுகளும் இங்கே அருகருகே நிற்கின்றன.

ஓய்வில் மீளும் காடு

இந்த நாட்டின் இயற்கையான காட்டைத் தாவரவியலாளர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துவர். ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் என்றாலும் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்வதால், பின்வரும் நீண்ட வறட்சியைத் தாங்கும்படி தடித்த சிறிய இலைகளும் ஆழ்ந்த வேர்களும் கொண்ட பாலை, வீரை, காயா, இரும்பிலி போன்ற மரங்கள் ஆண்டு முழுவதும் இலையுதிர்க்காமல் இங்கு நிற்கும். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் மட்டும் செறிந்திருக்கும் இந்தக் காடு இன்று காப்புக்காடுகளிலும் கோயில்காடுகளிலும் துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது.

மீளுந்திறன் என்பது வெட்டு, மேய்ச்சல், வறட்சி, புயல் ஆகியவற்றால் சிதைந்த காடு தன் பழைய அமைப்பையும் இனவளத்தையும் திரும்பப் பெறும் ஆற்றலாகும். செங்கல்பட்டுக் காட்டில் அந்த ஆற்றல் பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது; இதன் மரங்களில் பல, அடியோடு வெட்டப்பட்டாலும் கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கக்கூடியவை. ஆனால் துளிர் மரமாவதற்குச் சில ஆண்டுகள் கத்தியும் ஆட்டின் வாயும் அதன்மேல் படாமல் இருக்க வேண்டும். அந்த ஓய்வு கிடைக்காத இடத்தில் உயர்ந்த மரங்கள் படிப்படியாக மறைந்து, களா, காரை, சூரை முதலிய முட்செடிகள் நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இந்தக் காட்டின் மீட்சி உயிரியலைச் சார்ந்திருக்கும் அளவுக்கு உரிமையையும் சார்ந்திருக்கிறது: ‘இந்த ஆண்டு இந்தப் பக்கம் வெட்டக்கூடாது’ என்று சொல்லவும், சொன்னதை நிறைவேற்றவும், அந்தக் கட்டுப்பாட்டின் பயனைப் பின்னாளில் தானே பெறவும் உரிமையுள்ள ஒருவரோ ஒரு குழுவோ இருந்தாலன்றிக் காட்டுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அந்த உரிமை காலந்தோறும் யாரிடம் இருந்தது என்பதே இந்தக் காட்டின் வரலாறு.

காணியாட்சியும் கரம்பும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபை குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து வாரியங்களை அமைத்த விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குறிப்பிடப்படுவது, நீரும் மரமும் தனியாரின் விருப்புக்கு விடப்படாமல் ஊரின் பொறுப்பாகக் கருதப்பட்டதற்குச் சான்றாகும். அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவரே பொதுவிதியாகத் தேர்வுக்கு உரியவர் என்று வரையறுப்பதும் கருதத்தக்கது. பொறுப்பு ஊரினுடையதாயினும் ஊரின் பெயரால் பேசத் தகுந்தவர் சிலராகவே இருந்தனர்.

பிற்காலத்தில் தொண்டை மண்டலத்து நிலவுரிமை காணியாட்சி என்றும், முகமதிய ஆட்சிக்காலம் முதல் மிராசு என்றும் வழங்கிற்று. குறும்பர் வாழ்ந்த காட்டு நாட்டை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்று, காடு திருத்தி வேளாளரைக் குடியேற்றி, நிலைத்து நின்றவருக்குக் காணியாட்சியை வழங்கினான் என்ற மரபுக்கதையே இந்த உரிமையின் தோற்றமாகக் காணியாளரால் சொல்லப்பட்டது. இதை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாதெனினும், காட்டை விளைநிலமாக்கிய உழைப்பே உரிமையின் ஊற்று என்ற கருத்தை அந்தக் கதை தாங்கி நிற்கிறது. ஏற்கெனவே காட்டில் வாழ்ந்தவர்களின் உரிமை அந்தக் கதையிலேயே அழிந்துபோவதையும் காணலாம்.

காணியாட்சி ஊர்களில் நிலம் பங்குகளாக எண்ணப்பட்டது. ஒருவரே முழு ஊரையும் உடைய நிலை ஏகபோகம் எனப்பட்டது. பங்காளிகள் நிலத்தை நிலையாகப் பிரித்துக்கொள்ளாமல் கூட்டாக வைத்திருந்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை பயிரிடும் இடங்களை மாற்றிக்கொண்ட முறை பசுங்கரை எனவும், நிலையாகப் பிரித்துக்கொண்ட முறை அருதிக்கரை எனவும் வழங்கின. பிரித்துக்கொண்ட ஊர்களிலும் பயிரிடாத நிலம் பெரும்பாலும் பொதுவிலேயே நின்றது. அதில் பயிரிடத்தக்க தரிசு செய்கால் கரம்பு என்றும், நினைவுக்கெட்டிய காலம் முதல் கலப்பை படாத புதரும் காடும் அனாதி கரம்பு என்றும் பிரித்தறியப்பட்டன. கரம்பிலுள்ள மரம், விறகு, தழையுரம், மேய்ச்சல், ஏரி மீன் ஆகியவற்றில் காணியாளர் தத்தம் பங்குக்கேற்ப உரிமை கொண்டாடினர். அவர்களிடம் நிலம் பெற்றுப் பயிரிட்ட உள்குடிப் பாயக்காரிகள் என்னும் நிலையான குடிகளும், பரகுடிப் பாயக்காரிகள் என்னும் வந்துசெல்லும் குடிகளும் வழக்கத்தாலும் காணியாளரின் இசைவாலும் கரம்பைப் பயன்படுத்தினர்.

நெல் வயலுக்குத் தழையும் உழவு மாட்டுக்குப் புல்லும் ஏருக்கு மரமும் கரம்பிலிருந்தே வந்ததால், அதை அழிப்பது வயலையே அழிப்பதற்கு ஒப்பாகும். இந்த நேரடிச் சார்பே காணியாளருக்குக் காட்டை ஓய்வில் விடும் காரணமாக இருந்தது. அதற்கு வேண்டிய அதிகாரமும், பொதுவான பங்குரிமையின் வழியே, அவர்கள் கையிலேயே இருந்தது.

தரிசு யாருடையது என்ற வழக்கு

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக அளித்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்டு நடத்திய அளவையில், ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்குகள் திரட்டப்பட்டன. வயல், மேட்டு நிலம், ஏரி, குட்டை, தோப்பு, காடு, மானியம் என்று ஊரின் ஒவ்வொரு பகுதியும் அவற்றில் பதியப்பட்டது. பயிரில்லாத நிலமும் ஊருக்குள் அடங்கியதாகவும் பெயரும் பயனும் உடையதாகவும் எண்ணப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன.

மிராசு உரிமை எதுவரை செல்லும் என்று 1814-இல் அரசு எழுப்பிய 17 வினாக்களுக்குச் சென்னைக் கலெக்டராக இருந்த எப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விரிவான விடை 1818-இல் அச்சாயிற்று. தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் விற்பனைச் சாசனங்களையும் ஆராய்ந்த எல்லிஸ், கரம்பு உள்ளிட்ட ஊர் முழுவதும் காணியாளரின் கூட்டுடைமை என்றும், விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுவதோடு அரசின் உரிமை முடிகிறது என்றும் வாதிட்டார். ஆளுநர் தாமஸ் மன்றோ 1824 டிசம்பர் 31-ஆம் நாளிட்ட குறிப்பில், மிராசுக்கு எல்லிஸ் கற்பித்த பெருமதிப்பை மறுத்தார். தரிசை ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் அரசுக்கே உரியது என்ற பக்கமே அவருடைய கருத்து சாய்ந்தது. தனித்தனி உழவனோடு தீர்வை பேசும் ரயத்துவாரி முறை வேரூன்றியபோது, கூட்டாக நின்ற ஊர் வருவாய்க் கணக்கிலிருந்து மறைந்தது. பட்டா பெற்ற வயல் தனியாருடையதாயிற்று. பட்டாவில் அடங்காத கரம்பு புறம்போக்கு என்றும் அரசுத் தரிசு என்றும் பதிவாயிற்று.

இந்த மாற்றத்தின் ஆழத்தை விளக்கப் பிற்கால ஆய்வு ஒன்று துணைசெய்யும். அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் தம் ஆய்வுத் துணைவருடன் 1992-இல் சொத்துரிமையை ஐந்து இழைகளின் கட்டாக விளக்கினார்: ஒரு வளத்துக்குள் நுழையும் உரிமை, அதிலிருந்து எடுக்கும் உரிமை, அதை மேலாண்மை செய்யும் உரிமை, பிறரை விலக்கும் உரிமை, விற்கும் உரிமை. ரயத்துவாரிப் பதிவில் ஊர் மக்களுக்கு நுழையவும் எடுக்கவும் நடைமுறையில் தடை இல்லை. மேலாண்மை செய்யவும் பிறரை விலக்கவும் கொண்டிருந்த உரிமைகளே பறிபோயின. எடுக்க அனைவரும், நிறுத்தச் சொல்ல எவருமில்லை என்ற நிலை இவ்வாறுதான் உருவாயிற்று. பொதுவளம் எதுவாயினும் பயன்படுத்துவோரின் பேராசையால் அழிந்தே தீரும் என்று 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதியது, உண்மையில் இத்தகைய உரிமையற்ற வெளியின் சித்திரமே. எல்லையும் காவலும் விதியும் கொண்ட ஊர்ப்பொது வேறு, உரியவரில்லாத வெளி வேறு என்பதை 1990-இல் வெளிவந்த ஆஸ்ட்ரமின் நூல் சுவிட்சர்லாந்து, ஜப்பான் முதலிய நாடுகளின் நூற்றாண்டுப் பழைமையுள்ள பொதுமேய்ச்சல், பொதுக்காட்டு ஏற்பாடுகளைக் கொண்டு நிறுவியது. அவருக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது.

விறகும் வேலியும்

உரிமை நீங்கிய அந்தக் காலத்திலேயே காட்டின் மீதான தேவை பன்மடங்கு பெருகிற்று. சென்னை நகரின் அடுப்புகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் வேண்டிய எரிபொருளுக்கு மிக அண்மையிலிருந்த காடு செங்கல்பட்டுக் காடே. 1856-இல் இராயபுரத்திலிருந்து தொடங்கிய இருப்புப்பாதையின் தொடக்ககால இயந்திரங்களும் விறகையே பெருமளவு எரித்தன. கடற்கரையை ஒட்டிச் செல்லும் உப்புக்கால்வாய், 1876–78 பஞ்ச காலத்தில் நகருக்குள் இணைக்கப்பட்டுப் பக்கிங்காம் பெயரைப் பெற்றபின், விறகுப் படகுகளின் நெடுவழியாயிற்று. வண்டி செல்லும் தொலைவில் விற்கப்பட்ட விறகு இப்போது படகும் தொடரியும் செல்லும் தொலைவுக்கு விலைபோனது. அந்த விலை எந்த ஊரின் வயலுக்கும் தழையாகத் திரும்பவில்லை.

1856-இல் மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்னின் தலைமையில் தோன்றிய சென்னை வனத்துறை, காட்டின் அழிவைத் தடுக்கும் அதிகாரத்தை நாடியது. ஆனால் மாகாணத்தின் எந்தக் காடும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, அவற்றில் அரசு முழு உடைமை கொண்டாடியதில்லை என்று வருவாய் வாரியமே 1871-இல் எதிர்ப்புத் தெரிவித்தது. இதனால் இந்திய வனச் சட்டம் இங்கு நேரடியாக நடைமுறைக்கு வராமல், 1882-இல் சென்னை வனச் சட்டம் தனியாக இயற்றப்பட்டது. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கும் எண்ணத்தை அறிவித்து, வனத் தீர்வு அலுவலர் முன் குறித்த காலத்துக்குள் வழி, மேய்ச்சல், நீர், வனப்பொருள் ஆகியவற்றின் மீதான உரிமைகளைக் கோருமாறு மக்களை அழைப்பதும், கோரப்படாத உரிமைகளை அற்றவையாகக் கொள்வதும் அந்தச் சட்டத்தின் நடைமுறை. எழுத்தறிவும் ஆவணமும் இல்லாத குடிகள் வழக்கத்தால் அனுபவித்த உரிமையை எழுத்தில் நிறுவுவது எளிதன்று. அன்று மாகாணத்துக்கு வந்திருந்த காட்டியல் அறிஞர் தீட்ரிச் பிராண்டிஸ், காப்புக்காட்டோடு ஊர்களே பேணும் ஊர்க்காடுகளையும் அமைக்க வேண்டும் என்று 1883-இல் அறிக்கை அளித்தார். முதல் பகுதி நிறைவேறியது, இரண்டாம் பகுதி ஏட்டிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

காப்புக்காட்டு வேலி காட்டுக்கு ஓரளவு ஓய்வைக் கொடுத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. வண்டலூர், நன்மங்கலம் போன்ற இடங்களில் உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் இன்றும் காணப்படுவதற்கு அந்த அறிவிப்புகளே காரணம். ஆயினும் சில காவலர் பல குன்றுகளைக் காக்க வேண்டிய அந்த ஏற்பாட்டில், எல்லையில் வாழ்ந்த மக்கள் காவலராக இருந்த நிலை மாறிக் குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். காப்புக்காட்டுக்கு வெளியே எஞ்சிய புறம்போக்கோ முன்னைவிட வேகமாக வெட்டுண்டது. குடிகளின் குறைகளை விசாரித்த 1913-ஆம் ஆண்டு வனக் குழு, விறகும் மேய்ச்சலும் தரும் சிறு காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்று பரிந்துரைத்ததன் விளைவாக, மாகாணத்தில் வனப் பஞ்சாயத்துகள் தோன்றின. அவற்றின் நிலமோ அரசுடையது. ஒப்படைப்போ திரும்பப் பெறத்தக்கது. வருவாயில் ஒரு பகுதி அரசுக்குச் செலுத்த வேண்டியது. நெடுங்கால ஓய்வைத் திட்டமிடத் தேவையான உறுதி இல்லாத அந்த ஏற்பாடு, நாடு விடுதலை பெற்றபின் நீடிக்கவில்லை.

கவுல் காத்த தோப்பு

இவற்றினின்று வேறுபட்டு நிற்பது மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல். சுமார் 30 எக்டர் பரப்புள்ள அந்த ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் நீரில் அடிமூழ்கி நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கொக்கு, நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கூழைக்கடா முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் அவற்றில் கூடுகட்டுகின்றன. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்குப் பாயும்போது பயிருக்குத் தழைச்சத்தாகிறது என்பதை ஊரார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு உறுதிசெய்யும் கவுல், அதாவது அரசின் எழுத்துமூல உறுதிமொழி, 1798-இல் வழங்கப்பட்டது. ஜாகீரின் கலெக்டராக அன்று இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையைச் சீர்செய்தவராக ஏரிகாத்த ராமர் கோயில் மரபில் இன்றும் நினைக்கப்படுபவர் அவரே. அந்தக் கவுல் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது.

இந்த ஆவணம் ஊருக்கு ஏரியை விற்கும் உரிமையைத் தரவில்லை. புதிய நிலம் எதையும் வழங்கவும் இல்லை. உரிமைக் கட்டின் ஐந்து இழைகளில் ஒன்றை, பிறரை விலக்கும் உரிமையை மட்டுமே அது எழுத்தில் உறுதிசெய்தது. காட்டுக்கும் தோப்புக்கும் ஓய்வு தருவது அந்த ஓர் இழைதான். கூடுகட்டும் பருவத்தில் எவரும் மரத்தை நெருங்கக்கூடாது என்று ஊர் சொல்ல முடிந்தது. ஆட்சியாளரின் துப்பாக்கிக்கும் அந்தச் சொல் பொருந்திற்று. மரம் நின்றால் பறவை வரும், பறவை வந்தால் வயல் விளையும் என்ற தொடர்பு கண்ணெதிரே இருந்ததால் காவலுக்குத் தனிக் கூலி வேண்டியிருக்கவில்லை. எல்லை கரையால் தெளிவாக வரையப்பட்டிருந்தது. காவலர் அருகிலேயே வாழ்ந்தனர். கட்டுப்பாட்டைத் தாங்கியவரே பயனையும் பெற்றனர். நீடித்து நிற்கும் பொதுவளங்களுக்கு ஆஸ்ட்ரம் வகுத்த நெறிகளில் முதன்மையானவை அனைத்தும், அவை நூலாவதற்கு 192 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தச் சிற்றூரில் நடைமுறையில் இருந்தன.

1936-இல் வேடந்தாங்கல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது. அந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் வெளிவந்தபோது பரவலான எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இந்தச் சட்டக் கவசங்கள் வலிமையானவையே. எனினும் சரணாலயத்தின் மூலவுரிமை அரசின் கொடையாகத் தொடங்கவில்லை, ஊரின் கோரிக்கையாகத் தொடங்கியது என்பதை அரசாணைகள் மறக்கும்போது, 200 ஆண்டுகள் காத்தவர்கள் பார்வையாளர்களாக ஒதுங்கும் இடர் உண்டு.

ஊர் என்பதில் அடங்காதவர்

ஊருரிமையைப் போற்றும் எந்த ஆய்வும் அதன் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் முடியக்கூடாது. கரம்பு பொதுவாக இருந்தது காணியாளருக்கு மட்டுமே. வயலில் உழைத்த பறையர் குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர்; அவர்கள் குடியிருந்த சேரி நிலம்கூட மிராசுதாரரின், அதாவது காணியாளரின், தயவில் இருந்தது. ஆங்கில ஆட்சியில் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து, அதாவது பட்டா கோரும் விண்ணப்பம், கொடுக்கும் விதிகளிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை தரப்பட்டதால், உழைப்பாளி சொந்த நிலம் பெறுவது திட்டமிட்டுத் தடுக்கப்பட்டது. கரம்பைப் பேணுவதற்கு முன்பு துணைநின்ற கூட்டுரிமை, கூலியாளைக் கூலியாளாகவே வைத்திருக்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பதே இதன் பொருள்.

செங்கல்பட்டுக் கலெக்டர் ஜே. எச். ஏ. திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை இந்த நிலையை விரிவாக வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்க வழிவகுத்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற அந்த நிலங்களில் பெரும்பகுதி, கைமாற்றத் தடை இருந்தும், பிறரிடம் சென்றது. அவற்றை மீட்கும் போராட்டம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஓயவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணை ஊரின் நில மீட்பு இயக்கத்தில் 1994-இல் இருவர் உயிரிழந்தனர். காட்டு வரலாற்றுக்கு இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை அறம் சார்ந்ததாகவும் நடைமுறை சார்ந்ததாகவும் இருக்கிறது. ஊரில் பாதிப்பேருக்கு மேல் பங்கில்லாத காட்டுக்கு ஊர்க் காவல் ஒருபோதும் முழுமையாகாது. உரிமை மறுக்கப்பட்டவருக்கு இன்றைய விறகே உறுதி, நாளைய மரம் பிறருடையது. காணியாட்சிக் காடு வெளியிலிருந்து வந்த விறகு வணிகத்தின் முன் இவ்வளவு எளிதில் வீழ்ந்ததற்கு, அதைத் தம்முடையதென்று கருதக்கூடியவர் சிலராகவே இருந்ததும் ஒரு காரணமாகும்.

இருளரின் நிலை இதனினும் வேறுபட்டது. நிலத்தின் மீது காணியும் பட்டாவும் இல்லாமல், கிழங்கும் தேனும் மூலிகையும் பாம்பும் எலியும் தேடி இந்தக் காட்டையும் கரம்பையும் மிக நுணுக்கமாக அறிந்தவர்கள் அவர்களே. பாம்புத்தோல் வணிகம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையாலும் நின்றபோது, அவர்களுடைய பிழைப்பும் நின்றது. 1978-இல் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், அந்த அறிவுக்குப் புதிய உரிமை வடிவம் ஒன்றைக் கண்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை வனத்துறை உரிமத்தின்படி வரையறுத்த எண்ணிக்கையில் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்சு எடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சு நச்சுமுறி மருந்தாகிறது. எடுத்ததைத் திருப்பிவிடும் இந்த ஏற்பாட்டில், ஓய்வு என்பது தொழிலின் விதியாகவே இடம்பெற்றிருக்கிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்துக்கு அருகிலுள்ள தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கம் மூலிகைச் செடிகளையும் உள்நாட்டு மரங்களையும் வளர்த்துவருவதும் இந்த அறிவின் மற்றொரு கிளையாகும். எனினும் உரிமம் என்பது ஆண்டுதோறும் அரசு தரக்கூடியதும் மறுக்கக்கூடியதுமான இசைவு. அது உரிமை ஆகாது.

கடற்கரையில் சவுக்கு

கோவளம் முதல் மாமல்லபுரத்துக்குத் தெற்கு வரை மணற்பாங்கான கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய சவுக்குத் தோப்புகள், காட்டின் இடத்தைப் பிடித்தும் காட்டின் பணியைச் செய்யாத ஓர் ஏற்பாட்டுக்கு எடுத்துக்காட்டு. சென்னையின் விறகுப் பசிக்கு விடையாக நடப்பட்ட சவுக்கு, ஐந்தாறு ஆண்டுகளில் ஒருசேர வெட்டப்படும் தனியார் பயிர். வெட்டிய கட்டையிலிருந்து எளிதில் துளிர்க்காத அந்த மரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக நட வேண்டும். உள்நாட்டுக் காட்டின் வேரடி நினைவு அதில் இல்லை. எனினும் அது காற்றையும் மணலையும் தடுக்கும் மதில் என்பதில் ஐயமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டக் கடற்கரையில் செய்யப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு, அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் நின்ற இடங்களில் சேதம் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆனால் மரம் முற்றிய ஆண்டில் அந்த மதில் விற்கப்பட்டுவிடும். அதன் நிழலில் வாழும் மீனவக் குப்பத்துக்கு அதை நிறுத்தச் சொல்லும் உரிமை கிடையாது. கடலில் எந்த வலையை எப்போது இறக்கலாம் என்பதைத் தம் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியே தலைமுறைகளாக நெறிப்படுத்திவரும் பட்டினவர் சமூகம், கரையிலுள்ள மரத்தைப் பற்றி முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பது, அறிவு இருக்கும் இடமும் உரிமை இருக்கும் இடமும் பிரிந்துபோனதற்குத் தெளிவான சான்றாகும்.

உரிமையின் எதிர்காலம்

விடுதலைக்குப் பின் வந்த திட்டங்கள் ஊரை மீண்டும் காட்டுக்குள் அழைத்தன. 1981-இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உட்பரப்புகளில் கருவேல் நடப்பட்டு வருவாயில் பஞ்சாயத்துகளுக்குப் பங்கு தரப்பட்டது. 1997-இல் ஜப்பானிய நிதியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. இவை உழைப்பையும் பங்கையும் பகிர்ந்தனவே தவிர முடிவெடுக்கும் உரிமையைப் பகிரவில்லை. நிதி வற்றியதும் குழுக்கள் பலவும் உறங்கின. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டமோ, மரபாகப் பயன்படுத்திய காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் சமூகத்துக்கு உள்ள உரிமையைக் கிராம சபையின் வழியே ஏற்கிறது. இந்தியாவின் சட்ட வரலாற்றில், ரயத்துவாரிப் பதிவோடு அறுந்த இழையை மீண்டும் கட்டில் சேர்க்க முயன்ற ஏற்பாடு அதுவே. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி மக்களுக்குத் திருப்பித் தருமாறு மாநிலங்கள் அனைத்துக்கும் ஆணையிட்டதையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். சென்னையின் விரிவாக்கத்தால் மேய்க்கால் புறம்போக்கும் ஏரிக் கரம்பும் அலுவலகக் கோப்பில் வெற்று நிலமாகத் தோற்றமளிக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில், இவ்விரண்டும் உயிருள்ள விதிகளாக வேண்டியது மிகவும் அவசரமானது.

செங்கல்பட்டின் நீண்ட அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பயன்படுத்த இசைவு கொடுப்பதால் மட்டும் காடு மீள்வதில்லை. வெட்டை நிறுத்தவும் அயலாரை விலக்கவும் அதிகாரம் கொடுக்கும்போதே மீள்கிறது. வேடந்தாங்கலின் கவுல் இதை மெய்ப்பித்தது. அந்த அதிகாரம் எழுத்தில் நிலைபெற்று, ஆட்சி மாறினாலும் மாறாததாக இருக்க வேண்டும். வனப் பஞ்சாயத்துகளின் மறைவு இதன் மறுபக்கம். அதிகாரம் பெறும் ஊர் என்பதில் சேரியும் இருளர் குடியிருப்பும் மீனவக் குப்பமும் பெண்களும் சமமான பங்கினராக அடங்க வேண்டும். காணியாட்சியின் வீழ்ச்சி இதைக் கடுமையாக உணர்த்துகிறது. பாலையும் வீரையும் காயாவும் இன்னும் குன்றுகளின் அடியில் வேரோடு உயிர்த்திருக்கும் வரை, இந்த மூன்றையும் நிறைவேற்றும் சட்டமும் மனவுறுதியும் காலம் கடந்தவை ஆகமாட்டா. காட்டின் பெயரால் மக்களை விலக்குவதும் மக்களின் பெயரால் சிலரே காட்டை ஆள்வதும் இந்த மண்ணில் முயன்று பார்க்கப்பட்டுத் தோற்றவை. எல்லோருக்கும் பங்கும் பொறுப்பும் உள்ள ஊருரிமையே இன்னும் முழுமையாக முயன்று பார்க்கப்படாதது.